வாத்தியார் இல்லாமல் பியானோ பழகியது

வாத்தியார் இல்லாமல் பியானோ கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால் முடியும் என்பேன். ஆனால் அதற்கு முன்னால் வாத்தியார் என்னதான் செய்கிறார் என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. விளக்கிச் சொல்வது அவர் வேலையில் ஒரு சின்னப் பங்கு. எந்த ஸ்கேலுக்கு (சுர வரிசைக்கு) எந்த விரல், எந்தக் கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டத்தில்) எந்தச் சுரம் என்பதையெல்லாம் விளக்கப் புத்தகமும் காணொளியும் கொட்டிக் கிடக்கின்றன. மீதி வேலை வேறு: நம் பக்கத்தில் உட்கார்ந்து நாம் வாசிப்பதைக் கேட்கிறார். தோளும் மணிக்கட்டும் என்ன செய்கின்றன என்று பார்க்கிறார். "இது போதும், அடுத்ததுக்குப் போ" என்றோ "இன்னும் ஒரு வாரம் இதிலேயே இரு" என்றோ சொல்கிறார். தனியாகப் பழகுகிறவருக்கு இல்லாமல் போவது இவைதான். இவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொண்டால் நெடுந்தூரம் போகலாம்.

நான் ஆரம்பித்தபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தேன். வேலை நேரம் வாரத்துக்கு ஒரு விதமாக மாறும் என்பதால் வகுப்பில் சேர வழியில்லை. இன்று எளிய, நடுத்தரமான உருப்படிகளை இசைக்குறிப்புத் தாளைப் பார்த்து வாசிப்பேன். தெரிந்த பாட்டுக்குக் கார்ட் பிடிப்பேன். யாராவது பாடினால் கூடவே போவேன். மேடைக்கான ஆள் இல்லை. இந்த அளவுக்கு வர எது உதவியது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வாத்தியம். முழு பியானோவில் 88 கட்டைகள்: வெள்ளை 52, கறுப்பு 36. ஆரம்பத்துக்கு 61 கட்டை உள்ள கீபோர்டு போதுமா என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் சில மாதங்களுக்குத் தாராளமாகப் போதும். எண்ணிக்கையைவிட முக்கியம் கட்டையின் கனம். சாதாரணக் கீபோர்டில் கட்டை ஸ்பிரிங்கில் நிற்கும், தொட்டாலே இறங்கிவிடும். பியானோவில் ஒவ்வொரு கட்டையும் ஒரு சுத்தியலைத் தூக்க வேண்டும், அதனால் விரலுக்கு ஒரு எதிர்ப்பு இருக்கும். டிஜிட்டல் பியானோவில் அந்த எதிர்ப்பைச் சுத்தியல் பொறிமுறை வைத்துத் தருவார்கள். இடப்பக்கம் கொஞ்சம் கனமாகவும் வலப்பக்கம் லேசாகவும் இருக்கும். ஸ்பிரிங் கட்டையில் பழகிய விரல் உண்மையான பியானோவில் திணறும். ஆகவே வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிறதா, கட்டையில் கனம் இருக்கிறதா, பெடல் இணைக்க இடம் இருக்கிறதா. நூற்றுக்கணக்கான ஒலிகள், தானாக ஓடும் தாளங்கள் இதெல்லாம் தேவையில்லை. ஹெட்போன் மாட்ட முடிந்தால் நள்ளிரவிலும் வாசிக்கலாம். என்னைப் போன்ற வேலை நேரக்காரர்களுக்கு அதுதான் பெரிய வரம்.

நாற்காலியின் உயரத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கட்டைமேல் விரலை வைத்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஏறத்தாழ தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தாழ்வாக உட்கார்ந்தால் மணிக்கட்டு மடங்கும், தோள் தன்னையறியாமல் மேலே ஏறும். நாற்காலியின் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள், பாதம் முழுதாகத் தரையில் படட்டும். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து பழகுகிறவர்கள் அடியில் மடித்த போர்வையாவது போட்டுக்கொள்ளலாம்.

கட்டைகளின் பெயரை (ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துகள்) ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுவதை நான் செய்யவில்லை, மற்றவர்களுக்கும் சொல்வதில்லை. கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டமாக வருவதே போதுமான அடையாளம். இரண்டு கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளை சி. மூன்று கறுப்புக்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பது எஃப். இந்த இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கண்டுபிடிக்கப் பழகினால் மற்றவை தானாக வந்துவிடும். பிற்பாடு தாளைப் பார்த்து வாசிக்கும்போது கண்ணைக் கீழே இறக்காமல் இருக்க இந்தத் தடவல்தான் உதவுகிறது.

விரல்களுக்கு எண் உண்டு: கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5, இரண்டு கைக்கும் அப்படியே. சி மேஜர் ஸ்கேலை, அதாவது ஒரு சியிலிருந்து அடுத்த சி வரை உள்ள வெள்ளைக் கட்டைகளை, வலது கையில் 1 2 3 1 2 3 4 5 என்றும் இடது கையில் 5 4 3 2 1 3 2 1 என்றும் ஏற வேண்டும். மூன்றாவது விரலுக்கு அடியில் கட்டைவிரலை நுழைக்கும் இடம்தான் எல்லாருக்கும் முதலில் இடிக்கும். சி மேஜரில் கறுப்புக் கட்டையே இல்லாததால் தாளில் பார்க்க அது எளிது, கைக்கு அப்படியில்லை. போலந்து இசையமைப்பாளர் ஷோப்பேன் தன் மாணவர்களை பி மேஜரில் தொடங்க வைத்தார். நடுவில் இருக்கும் நீளமான விரல்கள் உயரமான கறுப்புக் கட்டைகளில் விழ, குட்டையான கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெள்ளையில் நிற்கும். இ, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப், பி என்று ஐந்து விரலையும் வைத்துப் பாருங்கள் (ஷார்ப் என்றால் அந்த வெள்ளைக்கு வலப்பக்கம் ஒட்டிய கறுப்பு). கை எவ்வளவு இயல்பாக உட்காருகிறது என்று தெரியும். நான் இன்னும் கையைத் தயார் செய்ய அந்த ஐந்து கட்டைகளில்தான் ஆரம்பிக்கிறேன்.

புத்தகத்தில் எழுதியிருக்கும் விரல் எண்ணை முதல் நாளிலிருந்தே மதியுங்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம், ஆனால் மாற்றியதைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். இன்று ஒரு விரல், நாளை ஒரு விரல் என்று வாசித்தால் கைக்கு எதுவுமே பதியாது.

இனி, என் வாசிப்பை மற்ற எதையும்விட அதிகம் மாற்றிய விஷயம்: ஒலி எப்படி வருகிறது என்று புரிந்துகொண்டது. 1700ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் பார்த்தொலோமேயோ கிறிஸ்டோஃபோரி உருவாக்கிய பியானோ அமைப்பின் சாரம் இன்றும் அதேதான். கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை நோக்கி எறியப்படுகிறது. தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியலுக்கும் கட்டைக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். அது தானாகப் போய் அடித்துத் திரும்பும். அப்படி அறுபடாவிட்டால் சுத்தியல் தந்தியிலேயே ஒட்டிக்கொண்டு ஒலியை அடக்கிவிடும். இதனால் நமக்கு என்ன? கட்டை இறங்கும் வேகம் ஒன்றுதான் ஒலியின் அளவைத் தீர்மானிக்கிறது. ஒலி வந்த பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் கூடாது; கல்லை எறிந்த பிறகு கையை ஆட்டுவது போலத்தான். டிஜிட்டல் பியானோவிலும் இதே கதை. கட்டை இறங்கும் பாதையில் இருக்கும் உணர்விகள் இடையே ஆன நேரத்தை அளந்து, 1 முதல் 127 வரை ஒரு வேக எண்ணாக மாற்றுகின்றன.

கட்டை இறங்கும் தூரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்கட்டை வரை அமுக்குவதில்தான் பெரியவர்களாகி ஆரம்பிக்கிறவர்களின் பாதிச் சக்தி போகிறது. ஒலி வந்ததும் கட்டை மேலே எழும்பாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் விரல் நின்றால் போதும். இதைப் பழக ஒரு வழி: ஒரு சுரத்தை வாசித்து, விரலை எடுக்காமல் மணிக்கட்டை மேலும் கீழும் மெல்ல அசையுங்கள். அசைய மறுத்தால் இன்னும் அமுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு அடுத்த சுரம். முதல் சில வாரம் தினமும் கொஞ்ச நேரம் இதற்கென்றே ஒதுக்கினேன். வேகமான பத்திகளில் கை இறுகாமல் இருக்க இது செய்த உதவியை எந்த விரல் பயிற்சிப் புத்தகமும் செய்யவில்லை.

விரல் பயிற்சிப் புத்தகம் என்றதும் ஹானோன் என்பவரின் புத்தகம் ஞாபகம் வரும். 1873இல் வந்தது, 60 பயிற்சிகள், இன்றும் விற்கிறது. விரலை உயரத் தூக்கி வலுவாக அடி என்பது அதன் பாணி. பக்கத்தில் யாராவது கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் பலன் உண்டு. தனியாக இருப்பவர் அதை இயந்திரத்தனமாக ஓட்டினால் இறுக்கத்தையும் சேர்த்துப் பழகிக்கொள்வார். நான் ஒதுக்கிவிட்டேன்.

அடுத்து, தாளைப் பார்த்து வாசிப்பதா, திரையில் மேலிருந்து வண்ணப் பட்டைகள் விழும் காணொளியைப் பார்த்துப் பழகுவதா? இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. விழும் பட்டைகளில் முதல் பாட்டு சீக்கிரம் வந்துவிடும், அது உண்மை. ஆனால் இரண்டாவது பாட்டுக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விரல் எண் தெரியாது, எங்கே மூச்சு விடுவது என்று தெரியாது, நடுவில் மறந்துவிட்டால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது. தாளில் படிப்பது ஆரம்பத்தில் வதைதான், ஆனால் ஒவ்வொரு உருப்படியும் அடுத்ததைச் சுலபமாக்கும். வாத்தியார் இல்லாதவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. தாள் என்பது இசையமைத்தவரே எழுதி வைத்த குறிப்பு. எங்கே மெதுவாக, எங்கே உரக்க, எங்கே சேர்த்து, எங்கே விட்டு என்று அவர் சொல்வதை நேரடியாகப் படிக்க முடிகிறது.

தாளில் உள்ள கோடுகளை மனப்பாட வாக்கியம் வைத்துப் படிக்க வேண்டாம். மூன்று நங்கூரங்கள் போதும். ஐந்தைந்து கோடுகள் கொண்ட இரண்டு வரிசைகளுக்கும் இடையே ஒரு சிறு கோட்டில் தனியாக நிற்பது நடு சி. மேல் வரிசையின் தொடக்கத்தில் வரும் ட்ரெபிள் கிளெஃப் என்ற குறியின் சுருள் சுற்றும் கோடு ஜி. கீழ் வரிசையின் தொடக்கக் குறியான பேஸ் கிளெஃப்பில் இரண்டு புள்ளிக்கு நடுவே ஓடும் கோடு எஃப். நடு சியிலிருந்து ஐந்து படி மேலே அந்த ஜி, ஐந்து படி கீழே அந்த எஃப். தொடங்கும் சியையும் சேர்த்துத்தான் ஐந்து. மற்றதெல்லாம் இந்த மூன்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்ப்பதுதான். கோட்டிலிருந்து பக்கத்து இடைவெளிக்குப் போனால் அடுத்த கட்டை. கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் ஒரு கட்டையைத் தாண்டிக் குதிக்க வேண்டும். சுரத்தின் பெயரைச் சொல்லி வாசிப்பதைவிட, "ஒரு படி மேலே, ஒன்று விட்டுக் கீழே" என்று வடிவத்தைப் பார்த்து வாசிப்பது பல மடங்கு வேகம்.

இதற்கு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பழகும் உருப்படி எவ்வளவு கடினமானதாக இருந்தாலும், தினமும் ஐந்து நிமிடம் அதைவிட ரொம்ப எளிதான, இதுவரை பார்க்காத ஏதாவது ஒன்றை எடுத்து, மெதுவாக, நிறுத்தாமல், தப்பு வந்தாலும் திருத்தாமல் ஒரே ஒரு தடவை வாசிப்பது. அதை மறுநாள் தொடக் கூடாது. தெரிந்துவிட்டால் அது படிப்பு ஆகாது, ஞாபகம் ஆகிவிடும். ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்த்தோக்கின் மைக்ரோகாஸ்மோஸ் இதற்கு நன்றாக உதவும். ஆறு தொகுதிகளில் 153 உருப்படிகள். முதல் தொகுதி முழுக்க ஒரு நிமிடத்துக்குள் முடியும் சின்னஞ்சிறு துண்டுகள். காதுக்குப் பழக்கமில்லாத சுரங்கள் என்பதால் ஊகித்து வாசிக்கவும் முடியாது.

சாதகம் பற்றிச் சொல்லாமல் இது முடியாது. தினமும் இருபது நிமிடம் உட்காருவது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட மேல். விரல் வரிசைகள் பதிவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இரவு வராத இடம் காலையில் சும்மா வந்து நிற்பதைப் பலரும் அனுபவித்திருப்பார்கள். அப்புறம், வாத்தியத்தை உறைபோட்டு மூலையில் வைக்காதீர்கள். உட்கார்ந்தவுடன் வாசிக்கும்படி, பென்சிலும் தாளும் மேலேயே இருக்கும்படி வைத்திருந்தால் அந்த இருபது நிமிடம் தானாகக் கிடைக்கும்.

உட்கார்ந்த பிறகு முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பது சாதகம் ஆகாது. அப்படி வாசித்தால் முதல் வரி நூறு தடவையும் கடைசி வரி ஐந்து தடவையும் பழகும். உருப்படியில் தடுமாறும் இரண்டு பாரை (தாளில் நெடுக்குக் கோடுகளுக்கு இடையே உள்ள பகுதிதான் பார்) வட்டமிட்டுக்கொண்டு அதை மட்டும் எடுங்கள். தனிக் கைகளில் முதலில். அடுத்து இரண்டு கையும், தப்பே வராத அளவுக்கு மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்றால், அடுத்த சுரம் எது, எந்த விரல் என்று யோசிக்க அவகாசம் இருக்கும் அளவுக்கு. சரியாக வந்தபின் அடுத்த பாரின் முதல் சுரம் வரை நீட்டி வாசியுங்கள். துண்டுகளைத் தனித்தனியாகப் பழகிவிட்டு ஒட்டும்போது, ஒட்டும் இடத்தில்தான் கை நிற்கும். அதை முன்கூட்டியே சரிக்கட்டுவதற்கு இந்த ஒரு சுரம் போதும்.

இன்னொன்று, பின்னாலிருந்து பழகுவது. கடைசி இரண்டு பார், பிறகு அதற்கு முந்திய இரண்டு பாரையும் சேர்த்து, இப்படி. வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவதால் பதற்றம் குறைகிறது. முடிவு எப்போதும் உறுதியாக இருக்கும்.

இரண்டு கையையும் சேர்ப்பதில் சிக்கல் பெரும்பாலும் சுரத்தில் இல்லை, தாளத்தில்தான். கட்டையை விட்டுவிட்டு, மேசைமேல் இரண்டு கையாலும் அந்தத் தாளத்தை மட்டும் தட்டிப் பாருங்கள், வாயால் எண்ணிக்கொண்டே. தட்ட வரவில்லை என்றால் கட்டையில் எப்படி வரும்? தட்டுவது சரியானதும் சுரத்தைச் சேர்த்தால் ஆச்சரியமாகக் கைகூடும். வாய்விட்டு எண்ணுவதைப் பெரியவர்கள் வெட்கப்பட்டுத் தவிர்ப்பார்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்தாவது எண்ணுங்கள்.

சீராக டிக் டிக் என்று தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோம் கருவி பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. எனக்கு அது ஒரு சாட்சி. சுலபமான இடத்தில் ஓடுகிறோம், கஷ்டமான இடத்தில் தவழ்கிறோம் என்பதை நம் காது கவனிக்காது. அந்த டிக் டிக் காட்டிக்கொடுத்துவிடும். உருப்படியின் மிகக் கடினமான பார் எந்த வேகத்தில் சுத்தமாக வருகிறதோ அதுதான் முழு உருப்படியின் இன்றைய வேகம். இந்த விதியைக் கடைப்பிடித்தால் பாதித் தடுமாற்றம் காணாமல் போகும். ஆனால் சாதகம் முழுவதையும் அதோடு செய்ய வேண்டாம், வாக்கியம் மூச்சு விடும் இடங்கள் செத்துப்போகும்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன குறைக்கு வருகிறேன்: வாத்தியார் இல்லையென்றால் நம் வாசிப்பை யார் காதுகொடுத்துக் கேட்பது? வாசிக்கும்போது நம்மால் நம்மைக் கேட்க முடியாது. கண் தாளில், மனம் அடுத்த பாரில், விரல் இந்தப் பாரில். காதுக்கு இடமே இல்லை. மனதில் ஒலிக்க வேண்டிய இசைதான் கேட்கிறதே தவிர வெளியே ஒலிப்பது கேட்பதில்லை. கைபேசியில் பதிவு செய்வது ஒன்றே வழி. வாரத்துக்கு ஒருமுறையாவது ஓர் உருப்படியைப் பதிவு செய்து, உடனே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். வாசித்த கையோடு கேட்டால் ஒன்று சுய இரக்கம் வரும், இல்லை சுய பெருமை வரும். மறுநாள் அது வேறு யாரோ வாசித்த மாதிரி இருக்கும்.

கேட்கும்போது தாளும் பென்சிலும் கையில் இருக்கட்டும். ஒரு தடவை கேட்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். முதல் தடவை, வேகம் சீராக இருக்கிறதா. இரண்டாவது தடவை, மெட்டு மேலே தெரிகிறதா, இல்லை இடது கை அதை அமுக்குகிறதா. ஏறக்குறைய எல்லாருக்கும் இடது கை சத்தம் அதிகமாக இருக்கும். வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. மூன்றாவது தடவை, ஒவ்வொரு பார் கோட்டிலும் ஒரு நொடி தயங்குகிறோமா. இப்படிக் கேட்டுக் குறித்த இடங்கள்தான் அடுத்த வாரச் சாதகத்தின் பட்டியல். என்ன பழகுவது என்று முடிவெடுக்க ஆள் இல்லை என்ற குறை பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. இரண்டு வாரம் தொடர்ந்து கேட்டும் புதிதாகக் குறிக்க ஒன்றும் இல்லை என்றால் அடுத்த உருப்படிக்குப் போகலாம். குறித்த இடமே மூன்று வாரமாக மாறவில்லை என்றால் அந்த உருப்படி இப்போதைக்கு எட்டாது; கொஞ்ச நாள் மூடி வைப்பதே மரியாதை.

சில சமயம் படமாகவும் எடுங்கள், பக்கவாட்டிலிருந்து, தோளும் முழங்கையும் தெரியும்படி. தோள் எந்தப் பாரில் ஏறுகிறது என்று பார்த்தால் அந்தப் பாரில் விரல் வரிசை தப்பு என்று ஊகிக்கலாம்.

உருப்படிகளைத் தேர்ந்தெடுப்பதில் ஆசைதான் பெரிய எதிரி. பேத்தோவனின் ஃபூர் எலீஸை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் தெரிந்த அந்த முதல் பகுதி ஆரம்பநிலை தாண்டியவருக்கு எட்டும். ஆனால் இடையில் எஃப் மேஜரில் ஒரு வேகப் பகுதியும், இடது கையில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப அடிக்கும் இன்னொரு பகுதியும் வருகின்றன. பலர் முதல் பக்கத்தோடு நிற்பதற்குக் காரணம் அதுதான். அதற்கு முன்னால் வாசிக்க நல்லவை நிறைய உண்டு. ஜி மேஜர் மினுயட் (ஒரு வகை நடன இசை) ஒன்று பாக் பெயரில் பல புத்தகங்களில் இருக்கும். உண்மையில் எழுதியவர் கிறிஸ்டியன் பெட்சோல்ட். பாக்கின் மனைவி அன்னா மக்டலேனா 1725இல் தொடங்கிய குறிப்பேட்டில் இருந்ததால் பெயர் மாறிப்போனது. இரண்டு கையும் தனித்தனியாக நடக்கக் கற்க அதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

பாக்கே எழுதிய சி மேஜர் பிரெலூட் (முன்னிசை), 1722இல் அவர் தொகுத்த 'வெல் டெம்பர்டு கிளாவியர்' நூலின் முதல் உருப்படி, தனியாகப் பழகுகிறவருக்கு எழுதி வைத்த மாதிரியே இருக்கிறது. கடைசிச் சில பார்களைத் தவிர, ஒவ்வொரு பாரும் ஒரே ஒரு கார்டைப் பிரித்து வாசிப்பதுதான். அரை பாரில் வந்த வடிவம் அடுத்த அரை பாரில் அப்படியே திரும்பும். முதலில் ஒவ்வொரு பாரையும் மொத்தக் கார்டாக ஒரே அழுத்தில் வாசித்து, கை எப்படி மாறுகிறது என்று பழகிவிட்டு, பிறகு பிரித்து வாசித்தேன். பதிப்புரிமை முடிந்த பழைய தாள்கள் ஐஎம்எஸ்எல்பி என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த மூன்றும் அங்கே உண்டு.

தாளில் இல்லாத பாட்டை வாசிக்கும் ஆசை எல்லாருக்கும் இருக்கும், அது நியாயமானதும்கூட. அதற்குக் கார்ட் தெரிய வேண்டும். மேஜர் கார்ட் என்றால் தொடங்கும் கட்டையிலிருந்து கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் எண்ணி நான்கு கட்டை தள்ளி ஒன்று, அங்கிருந்து மூன்று தள்ளி இன்னொன்று. மைனருக்கு முதலில் மூன்று, பிறகு நான்கு. இது ஒன்று தெரிந்தால் அட்டவணை தேவையில்லை. சி, எஃப், ஜி, ஏ மைனர் நான்கிலும் எத்தனையோ பாட்டு அடங்கிவிடும். கையைத் தூக்கித் தூக்கிக் குதிக்காமல், பக்கத்திலேயே கிடைக்கும் வடிவத்தைப் பிடியுங்கள்: சி, இ, ஜி பிடித்த கை சி, எஃப், ஏ-க்கு நகர்ந்தால் எஃப் கார்ட், பி, டி, ஜி-க்கு நகர்ந்தால் ஜி கார்ட். கை இருந்த இடத்திலேயே இருக்கும். இடது சுண்டுவிரலில் கார்டின் பெயர்ச் சுரத்தை மட்டும் கீழ் ஸ்தாயியில் வையுங்கள். யாராவது பாடினால் இதுவே நிறைவாக இருக்கும்.

பெடலைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். வலப்பக்கப் பெடல் எல்லாத் தந்திகளின் மேலிருந்தும் ஒலியை நிறுத்தும் அடக்கிகளைத் தூக்கிவிடும். தப்புகள் குழைந்து மறைந்து, நன்றாக வாசிக்கிறோம் என்ற பிரமை வரும். பழகும்போது: குதிகால் தரையில் இருக்க, புதிய கார்டை அழுத்தும் அதே கணத்தில் பெடலை விடுங்கள், உடனே மறுபடி அமுக்குங்கள். கை இறங்கும்போது கால் ஏறும். முதலில் குழப்பும், பிறகு யோசிக்கவே வேண்டியிராது.

இவ்வளவு சொன்ன பிறகும், தனியாக முடியாத ஒன்று இருக்கிறது. கையின் இறுக்கத்தை நாம் உணரத் தொடங்கும்போது அது பழக்கமாகியிருக்கும். தெரிந்தவர் ஒருவர் மூலம் பியானோ சொல்லித்தருகிறவரிடம் ஒருமணி நேரம் மட்டும் கேட்டு வாங்கிப் போனேன். இரண்டு உருப்படி வாசித்தேன். இசையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "சுண்டுவிரல் நீளும்போதெல்லாம் மூச்சைப் பிடிக்கிறீங்க, கட்டைவிரலும் மேலே விறைச்சு நிக்குது" என்றார். அதை எந்தப் பதிவிலும் நான் கண்டிருக்க மாட்டேன். மாதா மாதம் வகுப்பு வைக்க முடியாதவர்கள் வருடத்துக்கு ஓரிரு தடவையாவது இப்படிப் போங்கள்; "எனக்குப் பாடம் வேண்டாம், என் கையைப் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றைக்கு மூடிவிடுங்கள். அசதி வேறு, வலி வேறு. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசித்து யாருக்கும் விரல் வலுத்ததில்லை. ஓய்வெடுத்தும் போகவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான்.

இப்போது நான் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது ஒரே நேரத்துக்குள் ஒரு கையில் இரண்டு சுரம், மறு கையில் மூன்று சுரம் என்று வரும் இடங்களோடு. ஒரு தட்டை ஆறாகப் பிரித்தால், மூன்று வாசிக்கும் கை 1, 3, 5இல் விழும். இரண்டு வாசிக்கும் கை 1, 4இல் விழும். மேசையில் தட்டி, எண்ணி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதில் வலது கையில் மூன்றும் இடது கையில் இரண்டும் வந்துவிட்டது. மாற்றிப் போட்டால் மட்டும் இன்னும் நாலாவது எண்ணில் கை நிற்கிறது.